எஸ்தர் தனியாக ரயில் ஏறிய நாள்

நான் ராணி. ஆங் மோ கியோல இருந்து வர்றேன். இந்தச் சபையில எத்தனையோ வருஷமா பின் வரிசையிலயே உட்கார்ந்துட்டுப் போற ஆளு. வாயாடின்னு உங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா மைக்கைப் பார்த்தா மட்டும் நாக்கு ஒட்டிக்கும். இன்னிக்குச் சொல்லாம வீட்டுக்குப் போனா நெஞ்சு வெடிச்சிடும், அதான் எழுந்து வந்துட்டேன். ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லணும்னா முதல்ல நான் செஞ்ச கூத்தைச் சொல்லணும். கோவப்படாம கேளுங்க.

என் மக எஸ்தரை நீங்க பார்த்திருப்பீங்க. டவுன் சிண்ட்ரோமோட பிறந்த பிள்ளை. ஒரே பிள்ளை. போன வருஷம் ஆரம்பத்துல அவளோட சிறப்புப் பள்ளியில ஒரு மீட்டிங்னு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. மிஸ் நோராதான் அவ டீச்சர். உட்கார்ந்ததும் கேட்டாங்க, "எஸ்தர், உனக்குப் பதினெட்டு ஆகுது. இந்த வருஷக் கடைசியோட ஸ்கூல் முடியுது. அதுக்கப்புறம் என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஸ்கூல் முடியும்னு தெரியாமலா இருந்தேன்? தெரியும். அதை நினைச்சா தூக்கம் போயிடும்னு நினைக்காமலே காலத்தை ஓட்டிட்டேன். சட்டுன்னு, "வீட்டுல இருப்பா, நான் பார்த்துக்குவேன்"னு சொன்னேன். மிஸ் நோரா சிரிச்சாங்க. "மேடம், நான் எஸ்தரைக் கேட்டேன்"னாங்க.

மேசை மேல படங்களைப் பரப்பினாங்க. வீடு, டிவி, சமையல், கடை, தோட்டம், ஹோட்டல்ல துண்டு மடிக்கிற வேலை. எஸ்தர் ஒவ்வொண்ணா பார்த்தா. வீட்டுப் படத்தை எடுத்து ஓரமா வெச்சா. துண்டு மடிக்கிற படத்து மேல விரலை வெச்சு, "திஸ் ஒன்"னா. நான் மறுபடியும் வீட்டுப் படத்தை அவ பக்கம் நகர்த்தினேன். அவ மறுபடியும் ஓரமா வெச்சா. பெத்தவளுக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

லிட்டில் இந்தியா பக்கத்துல ஒரு ஹோட்டல்ல அவளுக்குப் பயிற்சி கிடைச்சுச்சு. துண்டு, மேசை விரிப்பு, தலையணை உறை எல்லாம் மடிச்சு அடுக்கணும். ஆனா ஒரு நிபந்தனை. தனியா ரயில்ல போய் வரப் பழகணும். பழகிட்டா ஸ்கூல் முடிஞ்சதும் ஹோட்டல்லயே வேலை. பழகலன்னா வேலை இல்ல, வீடுதான். மிஸ் நோரா மாசக்கணக்கா கூடவே போய் சொல்லிக் கொடுத்தாங்க. சிவப்பு லைன், நியூட்டன்ல இறங்கணும், நீல லைனுக்கு மாறணும், அங்கிருந்து ஒரே ஸ்டேஷன். எல்லாம் படமாப் போட்ட ஒரு கார்டு எஸ்தர் கழுத்துல தொங்கும். பிறகு பெத்தவங்க ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். தனியா போற அன்னிக்குப் பின்னாடி வர மாட்டோம்னு. போட்டேன். நல்லா அழுத்தி, அழகாப் போட்டேன்.

ஆகஸ்ட் மாசம், ஒரு புதன்கிழமை. முதல் தடவை தனியா போறா. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர், விடியக்காலையிலயே டூட்டிக்குக் கிளம்பிட்டார். போகும்போதே என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னார், "ராணி, சும்மா வீட்டுல இரு லா. ஜெபம் பண்ணு, போதும்." "சரி சரி"ன்னேன். அவர் தலை மறைஞ்சதும் அவரோட தொப்பியை எடுத்து மாட்டினேன். மாஸ்க் போட்டேன். எஸ்தர் லிஃப்ட்டுல இறங்கினா, நான் படியில இறங்கினேன். எட்டாவது மாடி.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எனக்கு அப்ப உயிர் கையில இல்ல.

அவ ஏறின பெட்டிக்கு அடுத்த பெட்டியில ஏறினேன். பார்த்துட்டே வர்றேன். கார்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, நேரா உட்கார்ந்து, யார்கிட்டயும் பேசாம வர்றா. பீஷான் ஸ்டேஷன்ல கூட்டம் ஏறுச்சு, என் பிள்ளை மறைஞ்சுட்டா. பிராடல்ல இன்னும் கூட்டம். தோ பாயோல கதவு திறக்குது, நீலச் சட்டை, முதுகுல கறுப்புப் பை, குட்டைப் பின்னல், ஒரு பொண்ணு இறங்கிப் போறா. ஐயோ, தப்பான ஸ்டேஷன்ல இறங்கிட்டாளேன்னு அலறிக்கிட்டே நான் குதிச்சு வெளியே ஓடினேன். ஓடிப்போய்த் தோளைப் பிடிச்சுத் திருப்பினேன். யாரோ ஒரு சீனப் பொண்ணு. பயந்துபோய் என்னைப் பார்க்குது.

திரும்பிப் பார்த்தா கதவு மூடிடுச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஸ்தர். என் சத்தத்தைக் கேட்டு எழுந்து கதவுகிட்ட வந்திருக்கா. தொப்பியும் மாஸ்க்கும் போட்டாலும் அம்மாவைத் தெரியாதா? ரெண்டு கையையும் கண்ணாடியில வெச்சு வாயைத் திறந்து அழுறா. சத்தம் கேட்கல. ரயில் போயிடுச்சு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எஸ்தர் பயந்துட்டா என்ன செய்வான்னு எனக்குத்தானே தெரியும். இருந்த இடத்துலயே தரையில உட்கார்ந்துடுவா. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டா. இப்ப அவ எந்த ஸ்டேஷன் தரையில உட்காருவா? யார் கையைப் பிடிச்சு இழுப்பாங்க? அவ போனுக்கு அடிச்சேன்.

என் கைப்பையில இருந்து மணி அடிக்குது.

எனக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பதினெட்டு வருஷமா அவ தண்ணி பாட்டில், அவ சீப்பு, அவ மருந்து எல்லாம் என் பையிலதான். காலையில பழக்க தோஷத்துல அவ போனையும் எடுத்து என் பையில போட்டிருக்கேன். எனக்கே தெரியாம. பாதுகாப்புக்குன்னு வாங்கிக் கொடுத்த போனை நானே பறிச்சுட்டு வந்திருக்கேன்!

ஸ்டேஷன்ல வேலை செய்யிற ஒரு மலாய்த் தம்பி ஓடி வந்தார். அழுதுக்கிட்டே சொன்னேன். அவர் உடனே நியூட்டனுக்குப் பேசினார். கொஞ்ச நேரம் கழிச்சு முகம் வாடிப்போய் வந்து, "ஆன்ட்டி, பிளாட்ஃபார்ம்ல பார்த்துட்டாங்க. அப்படி யாரும் இல்ல. மத்த ஸ்டேஷனுக்கும் சொல்லியிருக்கோம்"னார்.

அங்க இருந்த பெஞ்சுல விழுந்தேன். வாய் விட்டுத்தான் ஜெபம் பண்ணினேன், சுத்தி நின்னவங்க எல்லாம் பார்த்தாங்க. "ஆண்டவரே, உங்களை நம்பித்தானே பிள்ளையைத் தனியா அனுப்பினேன், இப்படிப் பண்ணிட்டீங்களே"ன்னு சண்டை போட வாயைத் திறந்தேன். வார்த்தை பாதியில நின்னுடுச்சு. நான் எங்கே நம்பினேன்? எங்கே தனியா அனுப்பினேன்? நம்பாமத்தானே தொப்பி மாட்டிட்டுப் பின்னாடியே வந்தேன்? வருஷக்கணக்கா ஸ்தோத்திரம் சொன்ன வாயி, ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் கையில பிள்ளையை விட்டதில்லன்னு அந்த பெஞ்சுலதான் தெரிஞ்சுச்சு. அந்த அதிர்ச்சியில அழுகைகூட நின்னுபோச்சு.

பிறகு சொன்னேன், "ஆண்டவரே, நான் இல்லாத இடத்துல நீங்க இருங்க." அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்ல எதுவும் வரல. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரம்னு தெரியல. போன் அடிச்சுச்சு. மிஸ் நோரா. ஹோட்டல் வாசல்ல எஸ்தருக்காகக் காத்துட்டிருந்தாங்க. எப்படி இதைச் சொல்லப்போறேன்?

"மேடம், நீங்க எங்க இருக்கீங்க?" அவங்க குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "எஸ்தர் இப்பதான் வந்து சேர்ந்தா. ஒரே அழுகை. அம்மா தோ பாயோல தொலைஞ்சு போயிட்டாங்களாம். அம்மாகிட்ட கார்டு இல்லையாம், வழி தெரியாதாம். உடனே போய்க் கூட்டிட்டு வாங்கன்னு என்னை இழுக்கிறா."

சத்தியமா சொல்றேன், எனக்குக் காது சரியாத்தான் கேட்குதான்னு சந்தேகம் வந்துடுச்சு. ரெண்டு தடவை கேட்டேன். அந்த மலாய்த் தம்பிகிட்ட போனைக் கொடுத்து, நீங்க கேட்டுச் சொல்லுங்கன்னேன். அவர் கேட்டுட்டு, "ஆன்ட்டி, ஷி இஸ் சேஃப்"னு சொல்லிட்டு அவரே கண்ணைத் துடைச்சார்.

என் பிள்ளை தரையில உட்காரல. அழுதா, ஆனா உட்காரல. அழுதுக்கிட்டே நியூட்டன்ல இறங்கியிருக்கா. அழுதுக்கிட்டே கார்டைப் பார்த்து நீல லைனுக்கு நடந்திருக்கா. ஆளுங்க பிளாட்ஃபார்ம்ல தேடினப்போ அவ அங்கிருந்து போயே போயிட்டா. ஏன் நிக்காம போனா தெரியுமா? மிஸ் நோராகிட்ட சொன்னாத்தான் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியும்னு அவளுக்குப் பட்டிருக்கு.

லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல இறங்கி ஓடினேன். யார் மேல மோதினேன்னே தெரியல. ஹோட்டல் பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போனாங்க. எஸ்தர் மேசை முன்னாடி நின்னு துண்டு மடிச்சுட்டிருந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடிச்சா. தலையில இருந்து கால் வரைக்கும் பார்த்தா. "அம்மா, அழாத. சிட்"னு ஒரு நாற்காலியில உட்கார வெச்சா. நான் கட்டிப்பிடிக்கப் போனேன், கையைக் காட்டி நிறுத்திட்டா. "நவ் ஒர்க்"னு சொல்லிட்டுத் திரும்பவும் துண்டு மடிக்கப் போயிட்டா.

மிஸ் நோரா என்னைத் தனியா கூப்பிட்டு, "கையெழுத்துப் போட்டீங்களே மேடம்"னாங்க. நியாயமா நல்லா திட்டினாங்க. யார் ஒரு வார்த்தை சொன்னாலும் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்ற ராணி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிஞ்சு நின்னேன். அப்புறம் நான் பயந்துகிட்டே கேட்டேன், "என்னால அவ ஃபெயிலா?" அவங்க இல்லன்னு தலையை ஆட்டினாங்க. "நடுவழியில அம்மாவே தொலைஞ்சு போற டெஸ்ட்டை நான் எந்தப் பிள்ளைக்கும் வைக்க மாட்டேன். வெச்சா என் வேலை போயிடும். அதுலயும் பாஸ் பண்ணிட்டா. இனி நான் என்ன பார்க்கணும்?"

டிசம்பர்ல ஸ்கூல் முடிஞ்சுச்சு. ஜனவரியில அதே ஹோட்டல்ல எஸ்தருக்கு வேலை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கைதட்டாதீங்க, இன்னும் ஒண்ணு சொல்லணும். இதை என் வீட்டுக்காரர்கிட்ட கூட போன வாரம்தான் சொன்னேன்.

எஸ்தர் பிறந்த நாள்ல இருந்து நான் தினமும் ஒரு ஜெபம் பண்ணிட்டிருந்தேன். "ஆண்டவரே, எனக்கு ஒரு நாள் முன்னாடி என் பிள்ளையை எடுத்துக்குங்க." ஆமா. பெத்த தாய்தான். நான் போனப்புறம் அவளுக்கு யார் இருக்கான்னு பயந்து, அன்புன்னு நினைச்சு, என் பிள்ளையோட சாவைத்தான் தினமும் கேட்டுட்டிருந்திருக்கேன். அவர் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாரே, அதுக்குத்தான் முதல் நன்றி. தோ பாயோ பெஞ்சுல ரெண்டாவதா ஒண்ணு கேட்டேன், அதை மட்டும் உடனே கேட்டார்.

இப்படிப்பட்ட பிள்ளைங்களைப் பெத்தவங்க இங்க ரெண்டு மூணு பேர் இருக்கீங்க. உங்க முகத்தைப் பார்த்தா தெரியுது, நீங்களும் அதே ஜெபத்தைத்தான் பண்றீங்க. வெட்கப்படாதீங்க, என்கிட்ட வாங்க, சேர்ந்து அழுவோம். ஆனா இன்னியோட அதை நிறுத்துங்க. ஒரே ஒரு ஸ்டேஷன் தூரமாவது பிள்ளையை அவர் கையில விட்டுப் பாருங்க. உடம்பு நடுங்கும். எனக்கு இப்பவும் நடுங்குது.

எஸ்தர் எங்கேன்னு சிலர் வாசல்ல கேட்டீங்க. அவளுக்கு இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட். எட்டு மணிக்கே கிளம்பிட்டா. நான் கதவு வரைக்கும்தான் போனேன்.