பின் அறை ஜன்னலுக்கு ஓர் அப்பீல்

அப்பீல் விசாரணைக்கு வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி, "நீங்க யாருங்க?" என்று கேட்டபோது நான் என் அப்பா பெயரைச் சொன்னேன். முந்தைய வாரம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று, விதி எண்களோடு ஆங்கிலத்தில் வாதாடிப் பழகியிருந்தேன். கண்ணாடி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் வந்துவிட்டேன்.

நான் லைசென்ஸ் சர்வேயர். வீட்டுக்குப் பிளான் போடுவது தொழில். புதிதாக இதற்கு வருகிற தம்பிகள் கோடு போடும் டி-ஸ்கொயர் கோலைப் பிடிப்பது எப்படி என்று கேட்கிறார்கள். பஞ்சாயத்து போர்டு பிளானைத் தள்ளுபடி செய்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் வைத்துக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். அப்படி வைக்காதீர்கள்.

அறுபதுகளின் கடைசி. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டவுன் பஞ்சாயத்து. ஊர் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேலை வருகிறது. தையல்கடை ஷாபுதீன் பாய் அங்கே ஒரு மனை வாங்கியிருந்தார். அதுவரை கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவர், மனைவி, மாமியார், நான்கு பிள்ளைகள். வீடு கட்ட சிமெண்ட் வேண்டும். சிமெண்டுக்கு அப்போது சர்க்கார் பெர்மிட் வேண்டும். பெர்மிட்டுக்கு பாஸான பிளான் வேண்டும். பிளானுக்கு, பாவம், என்னிடம் வந்தார்.

பின் அறைக்கு ஜன்னல் இல்லாமல்தான் முதலில் போட்டேன். அந்தப் பக்கம் போர்டு மெம்பர் முனியப்பன் வீட்டுப் புழக்கடை, வம்பு எதற்கு என்று. 'காற்றோட்டம் இல்லை' என்று போர்டு தள்ளுபடி செய்தது. சரி, ஜன்னல் வைத்தேன். 'மெம்பர் வீட்டுப் பெண்கள் குளிக்கும் இடம் தெரியும்' என்று மறுபடியும் தள்ளுபடி. காற்று வர வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும் என்பது போர்டின் கொள்கை. அதே மனையை மெம்பர் பாதி விலைக்குக் கேட்டிருந்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லையாம். மெம்பரே சொன்னார்.

பாய் சோர்ந்து போனார். "மனைய அவுருக்கே குடுத்துடலாமுங்களா சார்? இன்னைக்கும் ஆள் அனுப்பியிருந்தாரு."

"அப்பீல் போடலாம் பாய். நான் இருக்கேன்ல?"

இதைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் ஏன் வாடியது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆக, தர்மபுரியிலிருந்து அதிகாரி நேரில் பார்க்க வந்தார். மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தோம். மெம்பர் சலவை வேட்டியில் எங்களுக்கு முன்பே ஆஜர்.

"வாங்க சர்வேயரே! எங்க வூட்டுப் பொம்பளைங்க குளிக்கறத எட்டிப் பாக்கப் பிளான் போட்டவரு நீங்கதானுங்களா?"

அவர் புழக்கடையில், ஆள் உயரத்துக்கு, சோளத்தண்டுகளை நட்டுக் கட்டிய தட்டுப் படல் நாலு பக்கமும் மறைத்து நின்றது. பச்சைப் பசேலென்று இருந்தது. நான் அளக்க வந்தபோது அங்கே எந்தப் படலும் இல்லை. வேறு யாராவது இருந்தால் மெம்பரைச் சந்தேகித்திருப்பார்கள். நான் என் கண்ணைச் சந்தேகித்தேன்.

"ஜன்னல் வர்ற எடத்துல நில்லுங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார் அதிகாரி.

நின்றேன். படலுக்கு மேலே எட்டிப் பார்த்தால் தெரியும் என்று சொன்னால் மெம்பர் ஜெயித்தார். ஒன்றும் தெரியவில்லை என்றால், கண்முன் நிற்கிற படல்கூடத் தெரியாத குருடன் என்பார்கள். படித்து வைத்த விதி எண்கள் எல்லாம் பஸ் ஏறி ஓசூர் பக்கம் போய்விட்டன.

அப்போது படலுக்குள் 'கறுக் மொறுக்' என்று சத்தம். ஒரு சோளத்தட்டு உள்ளே போனது. இன்னொன்று போனது. அந்தச் சந்தில் ஒரு கறுத்த மூஞ்சி நிதானமாக வெளியே வந்தது.

"என்னங்க தெரியுது?"

"எருமைங்க ஐயா."

"குளிக்குதா?"

"இல்லீங்க. பாத்ரூமத் தின்னுது."

"யார்ரா அத அவுத்து விட்டது?" என்று மெம்பர் கத்தினார்.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "யாரும் அவுக்கல! அது எடத்துலதான் அது நிக்குது. நேத்து சாயங்காலம் அது மூஞ்சிக்கு நேரா பச்சத் தட்ட நட்டது யாருங்க?"

அதிகாரி சந்து வழியாகப் பார்த்தார். எருமையைக் கட்டிய முளைக்குச்சி, தண்ணித் தொட்டி, சாணி. ஏதோ எழுதிக்கொண்டார். "சர்வேயர் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். "ரெஸ்பெக்டட் சார்" என்று நான் தொடங்குவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

பிளான் பாஸானது. பாய்க்கு சிமெண்ட் கிடைத்து, மழைக்கு முன்பே கூரை ஏறியது. நான் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் வாதாடியதாக ஊரில் பேச்சு. பரப்பியது யார் என்று கேட்காதீர்கள்.

பாய் குடிபோன மறுவாரம் மெம்பர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துப் பின்கட்டுக்கு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்து, துண்டை மடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"சர்வேயரே, ஒரு பிளான் போடணுங்க. 'ஆபீசர்கிட்ட குளிக்கற எடம் இருக்குதுன்னு சொன்னீங்களே, எங்க அது?'ன்னு வூட்ல தெனமும் கேக்கறா. சோறு கூட சரியா போடறதில்லீங்க."

"சுவரு செங்கல்லுலதானுங்களே?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஃபீஸ் முழுதாகக் கொடுத்தார். அந்தப் பிளானை மட்டும் போர்டு அன்றைக்கே பாஸ் செய்தது.

தம்பிகளே, பிளானைத் தடுத்தவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவருக்கும் ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டிலும் ஒரு வீட்டுக்கார அம்மா இருப்பார்கள்.