பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூன்று விநாடி

போன வாரம் சர்க்கரை பார்க்க பொம்மனஹள்ளி லேபுக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கிற பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். மற்றவர்களுக்கு அந்த வாசனை வந்தால் ஊசி ஞாபகம் வரும். எனக்கு டேப் ரிக்கார்டர் ஞாபகம் வரும். அவள் குத்தியதுகூடத் தெரியாமல் நான் விவேக் நகருக்குப் போய்விட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். வருகிறவர்கள் கேட்ட பாட்டை ரிக்கார்டிலிருந்து கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. அது தப்பு என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நானும் சொன்னதில்லை. காலையில் முதல் வேலை சிலுவை போட்டுக்கொள்வது. அடுத்தது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பதிகிற டெக்கில் டேப் உரசி ஓடும் ஹெட்டைத் துடைப்பது. ஏழாவதோடு படிப்பை விட்டவன்தான். ஆனாலும் பதிவில் என் கை சுத்தம் என்று முதலாளி பாயே சொல்வார்.

அந்தச் சுத்தம் இதுதான். ஒரு பாட்டு முடிகிற இடத்தில் ஒலியைக் குறைத்து, முள்ளைத் தூக்கி, மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகே அடுத்த பாட்டை ஆரம்பிப்பேன். நடுவில் பாட்டு மெலிந்தால் குமிழைத் திருகி ஏற்றுவேன், அதிர்ந்தால் இறக்குவேன். கடைசியில் மிச்சமிருக்கும் டேப்பில் அவரவர் சாமி பாட்டு. காலி டேப் கடையை விட்டுப் போகக்கூடாது என்பது பாயின் சட்டம்.

இந்தச் சுத்தத்தோடுதான் ஸ்டான்லியின் ரிக்கார்டிலும் கை வைத்தேன். ஸ்டான்லி எங்கள் தெருக்காரன், என் வயது. ஓசூர் ரோடு ஃபேக்டரியில் லேத் ஓட்டுவான், ஞாயிறு பூசை முடிந்தால் பேஸ் கிட்டார் வாசிப்பான். கல்ஃபில் வேலை கிடைத்து வெள்ளிக்கிழமை விமானம். யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தான் ஒரு ராக் ஆல்பத்தை. அதற்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. பெயர் இன்றைக்குச் சொன்னாலும் என் வாயில் கோணலாகத்தான் வரும், விடுங்கள். அந்த மாதிரிப் பாட்டெல்லாம் சாத்தான் வேலை என்று பிரசங்கத்தில் கேட்டிருந்ததால், டெக்கின் மேல் ஒரு ஜெபமாலையை வைத்துவிட்டுத்தான் பதிந்தேன்.

மறுநாள் அதே கேசட்டையும் ரிக்கார்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"என்ன மச்சா, இப்படிப் பண்ணி வச்சிருக்கே?"

"ஏன், ஓடலியா?"

"ஓடுது, நொண்டிக்கிட்டு ஓடுது. நடுநடுவுல யாரு உன்னைய வெட்டச் சொன்னது?"

"கேப் விடலன்னா எந்தப் பாட்டு எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியக்கூடாது குரு, அதானே விஷயமே! கடைசில மாதா பாட்டு வேற."

"மாதாவக் குறை சொல்லாத."

"மாதாவச் சொல்லல, உன்னைத்தான் சொல்றேன்."

ரிக்கார்டை அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அதற்குள் மறுபடி பதிந்து கொடு என்றான். கல்ஃபுக்குப் போனால் தனக்கு இது ஒன்றுதான் துணையாம். சொல்லும்போது சிரிக்கவில்லை. பாய் காதைப் பொத்திக்கொண்டார். "இந்தச் சத்தத்த ஒரு வாட்டி கேட்டதுக்கே தலை கிர்ருங்குது, இன்னொரு வாட்டியா? நான் தொழுகைக்குப் போறேன், அதுக்குள்ள முடிச்சிக்கோ" என்று போய்விட்டார்.

ஸ்டான்லி என் கையைப் பிடித்துக் குமிழிலிருந்து எடுத்துவிட்டான். "தொடாத. சும்மா கேளு."

கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. டெக் கெட்டுவிட்டதோ என்று எழுந்தவனை உட்கார வைத்தான். தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு கிட்டார் மெதுவாகப் பெரிதானது. நேற்று நான்தான் அதை அவசரப்பட்டு ஏற்றிவிட்டிருந்தேன். ஒரு பாட்டின் கடைசி ஸ்வரம் அணையாமல் நின்றது, அதன் அடியிலேயே அடுத்த பாட்டின் தாளம் நடக்க ஆரம்பித்தது. அந்த இடத்தில்தான் நேற்று நான் மூன்று எண்ணியிருந்தேன்.

"முன்னாடில்லாம் ரிக்கார்டுன்னா பத்து பாட்ட மூட்ட கட்டிக் குடுத்தது மச்சா. இவங்க மொத்தத்தையும் ஒரே பாட்டா யோசிச்சாங்க. மொதல்ல வந்த கிட்டார் இருக்கே, அது கடைசில ஆர்கன்ல திரும்ப வரும், பாரு" என்றான். வந்தது. அதே மெட்டுதான், ஆனால் எங்கெங்கோ அலைந்துவிட்டு வீடு திரும்பியவன் மாதிரி களைத்து, நிதானமாக வந்தது.

எனக்குத் தெரிந்த வழியில் புரிந்துகொண்டேன். தவக்காலத்தில், இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து ஸ்தலம் ஸ்தலமாக நின்று ஜெபித்துச் சிலுவைப்பாதை போகிறோம். ஒரு ஸ்தலத்திலிருந்து அடுத்த ஸ்தலத்துக்கு நடப்பதும் ஜெபம்தானே? நான் நடையை வெட்டிவிட்டு ஸ்தலங்களை மட்டும் கொடுத்திருந்தேன். ஜெபமாலையை மெல்ல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் முடிந்தபோது ஒவ்வொன்றிலும் ஏழெட்டு நிமிஷம் மிச்சமிருந்தது. "என்ன போட?" என்றேன்.

"ஒண்ணும் போடாத. அப்படியே விடு."

பாய்க்குத் தெரியாமல் முதல்முறையாகக் காலி டேப்போடு ஒரு கேசட்டைக் கடையிலிருந்து அனுப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஸ்டான்லியின் அம்மா லூர்தம்மா, கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவர், அந்தக் கேசட்டோடு கடைக்கு வந்தார். லீவில் வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம். "எம்மவன் இதுல பேசியிருக்கானாம். போடுப்பா." கூடவே ஒரு துண்டுச் சீட்டு, எனக்கு: "மச்சா, ஃபார்வர்ட் பண்ணாத. முழுசா கேக்க வை."

லூர்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்கப்பா அவன் குரலு? பெரிய பூச மாதிரில்ல போய்க்கிட்டே இருக்கு" என்றார். ஆர்கன் வந்தபோது முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கடைசி ஸ்வரம் தேய்ந்து, டேப்பின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. அதற்குள்ளிருந்து, "அம்மா... சாப்பிட்டியாம்மா?" என்றான் ஸ்டான்லி.

"சாப்பிட்டேன்டா" என்றார் அவர், டெக்கைப் பார்த்து.

அந்த இடத்தில் நான் மாதா பாட்டை நிரப்பியிருந்தால்? ஆண்டவர் ஸ்டான்லியின் வாயால் என் கையைத் தடுத்தார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

லூர்தம்மா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் நடக்கிறது. லேபிலிருந்து வந்த அன்று, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் மகளிடம் அட்டைப் படத்தை விவரித்து அந்த ஆல்பத்தைத் தேடச் சொன்னேன். ஒரே நிமிஷத்தில் போனில் எடுத்துவிட்டாள். இரண்டாம் பாட்டுக்கு முன்னால் சோப்பு விளம்பரம் வந்தது.

"காசு கட்டுனா வராதுப்பா."

பரவாயில்லை என்று கடைசிவரை கேட்டேன். ஆர்கன் தேய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த இரைச்சலுக்காகக் காத்திருந்தேன். போன் தானாகவே வேறு யாருடைய பாட்டையோ ஆரம்பித்துவிட்டது.