அமானிதமாக வைத்த சிப்பி மேடு

புத்தளம் அரசாங்கக் கச்சேரியில் நான் மொழிபெயர்ப்பாளன். துரைமார் இங்கிலீசில் சொல்வதைச் சனங்களுக்குத் தமிழில் சொல்வதற்கும், சனங்கள் அழுவதை இங்கிலீசில் எழுதுவதற்கும் எனக்குச் சம்பளம். அந்த வேலையில் கெட்டிக்காரன் என்று ஊரில் பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரை இப்போது யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம், துரைமார் வந்து தங்கும் வாடிவீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, நாலு மூலையிலும் சோடாப் போத்தல் வைத்து, மூன்று பேர் இரண்டு நாள் வாதாடினார்கள். ஒருவர் கல்லாயுதங்களைப் படிக்கும் வெள்ளைக்காரத் துரை. அடுத்தவர் சிப்பியும் எலும்பும் ஆராயும் கொழும்புக் கல்லூரி மாஸ்டர். மூன்றாமவர் நில அளவைக்காரர். இரும்பைக் காணாத காலத்து மனிதர் இந்தக் கரையில் எங்கே இருந்தார்கள், எதைத் தின்றார்கள், கடல் அப்போது எதுவரை வந்தது என்று மூவரும் சேர்ந்து கண்டுபிடிப்பதாகத் திட்டம்.

வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மண் மேடு முதலிலா, கடலேரிக் களப்போரத்துச் சிப்பி மேடு முதலிலா என்று சண்டை. கடைசியில் மாஸ்டர் சொன்னதுதான் நின்றது. எதையும் ஒருவர் தனியே தொடக் கூடாது. எந்த மண்ணடுக்கில் கல், எந்த அடுக்கில் சிப்பி என்று மூவரும் ஒரே நேரத்தில் நின்று பார்க்க வேண்டும். அதுவரை மேடுகள் கிடந்தபடி கிடக்கட்டும். நல்ல திட்டம்தான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சிப்பி மேட்டை நம்பி ஒரு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் உம்மா வழியில் எனக்குத் தூரத்துச் சொந்தம், வயதில் மூத்தவர், அண்ணன் முறை, காக்கா என்று கூப்பிடுவேன். மேட்டுச் சிப்பியை வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு விற்பது அவர் தொழில். அவரை நிறுத்தச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். அவர்கள் தந்த காகிதத்தில் இருந்தது 'அனுமதி கிடைத்தால் செய்ய உத்தேசித்திருக்கும் வேலை' என்று. அதை அப்படியே சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கியிருப்பார். நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன்.

"காக்கா, இது துரைமாருட அமானிதம். அவங்க வாற வரைக்கும் உங்கட பொறுப்பு."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். பசித்துச் செத்தாலும் எங்கள் ஆட்கள் அதில் கை வைக்க மாட்டார்கள். காக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"எப்ப வருவாங்க தம்பி?"

"மழை விட்டதும்."

மழை விட்டது. துரைக்கு வசதிப்பட்ட மாதத்தில் மாஸ்டருக்குப் பரீட்சை. மாஸ்டருக்கு வசதிப்பட்ட மாதத்தில் அளவைக்காரருக்கு இடமாற்றம். ஆளுக்காள் எழுதிய கடிதங்கள் மட்டும் மிக மரியாதையாக வந்துகொண்டிருந்தன. பிறகு யுத்தம் வந்து துரையைக் கொண்டுபோனது. காக்கா மேட்டைச் சுற்றி முள்வேலி அடைத்திருந்தார். களப்பில் இறங்கிச் சிப்பி பொறுக்கிப் பார்த்தார், அரைச் சூளைகூட நிரம்பவில்லை. சூளை வாயில் ஆடுகள் படுத்தன. "எண்ணியா வச்சிட்டுப் போனாங்க? ரெண்டு கூடை அள்ளினா என்ன?" என்று அவருடைய மச்சான்மார் கேட்டார்களாம். "எண்ணாமப் போனதுதான் பயம்" என்றாராம்.

நான் போய், "அது வெறும் உத்தேசம் காக்கா, நீங்க வெட்டுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரில் என் வார்த்தை கெட்டுப்போகும். அதற்குத்தான் பயந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை, வெட்கக்கேடு.

மூன்றாம் வருடம் பட்டாளத்து வண்டிகள் போக மணலில் ரோட்டுப் போட்டார்கள். நிரப்புவதற்குச் சிப்பி தேவை என்று லொறிகள் வந்தன. காக்கா வேலியின் முன்னால் நின்று மறித்துவிட்டார். அவரோடு பேச என்னைக் கூட்டிப்போனார்கள்.

"தொடக் கூடாது என்று உத்தரவு ஏதும் இருக்கிறதா?" என்று ரோட்டு வேலையை மேற்பார்த்த ஓவசியர் கேட்டார். என்னிடம் இருந்தது யாரும் கையெழுத்துப் போடாத திட்டத்தின் நகல். இல்லை என்றேன். அப்படியானால் அந்த மனிதரை விலகச் சொல்லும் என்றார்.

காக்கா மெலிந்து கறுத்துப்போயிருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, உரிய ஆக்கள்தானா இவங்க? துரைமார் அனுப்பினவங்களா?"

"ஓம் காக்கா" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்தார். கண் கலங்கிவிட்டது. முள்வேலியைத் தன் கையாலேயே பிடுங்கி ஒதுக்கினார். சிப்பி ஏற்றியவர்களுக்குக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாலு நாளில் மேடு இருந்த இடம் பள்ளமாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனார். கடைத்தெருவில் என்னைக் கண்டால் உப்பில் வெடித்த கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"சாமான் துரைமாருக்கு முழுசாப் போய்ச் சேந்திச்சா தம்பி? ஒண்டும் குறையலயே?"

"குறையல காக்கா" என்பேன். தொழுகையில் எனக்காக இறைவனிடம் துஆக் கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போவார்.