தண்ணீர் சாய்ந்து நிற்குமா?

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசியின் முதல் சனிக்கிழமை. இடம், குரும்பகரத்தில் என் தோழியின் குடும்பத்து வயல். காரைக்கால் டவுனிலேயே பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் நான், முதல்முறையாக ஒரு வரப்பில் கால் வைத்த நாள் அது. குடை கொண்டுபோக மறந்துவிட்டேன். ஆனால் கேமரா, ட்ரைபாட், இரண்டு எல்.இ.டி. விளக்கு என்று ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிற அளவுக்குச் சாமான் இருந்தது.

அந்த ட்ரைபாடைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தேன். பிறகு ஆசை பெருத்து, கடற்கரை, மீன் மார்க்கெட், மாதா கோயில் தேர் என்று சின்னச் சின்னப் படங்கள் எடுக்கத் தொடங்கினேன். பழைய ஸ்டாண்டு லேசான காற்றுக்கே தலையாட்டியது. நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று ஒரு மாதம் விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். எந்த உலோகம், எவ்வளவு எடை தாங்கும், தலை எப்படித் திரும்பும், எல்லாம் எனக்கு மனப்பாடம். "என்னைக் கட்டிக்க ஒரு மணி நேரத்துல சரின்னுட்டே. ஒரு ஸ்டாண்டு பாக்க ஒரு மாசமா?" என்றார் என் கணவர். கடைசியில் புயலடித்தாலும் அசையாது என்று எல்லோரும் சத்தியம் செய்த ஒன்றை வாங்கினேன். அதில் மட்டம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ்கூட உண்டு.

தோழி என்னோடு அதே பள்ளியில் தமிழ் நடத்துகிறாள். அவளுடைய தங்கைக்கு முப்பது வயதிருக்கும். எட்டுப் பெண்கள் கொண்ட ஒரு நடவுக் குழுவுக்கு அவள்தான் தலைவி. கயிறு பிடித்து நடுவதில் அந்தக் குழுவுக்கு நல்ல பேர். இரண்டு பேர் வயலின் இரு பக்கமும் நின்று கயிற்றை இழுத்துப் பிடிப்பார்கள். கயிற்றில் ஒரு சாண் இடைவெளியில் சிவப்புத் துணி முடிந்திருக்கும். மற்ற ஆறு பேரும் முடிச்சுக்கு ஒரு நாற்றாக நட்டுவிட்டுப் பின்னால் நகர, கயிறும் கூடவே நகரும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வரிசை வரும்.

இயந்திர நடவு வந்த பிறகு அவர்களுக்கு வருடத்தில் சில வாரம்தான் வேலை. அந்தச் சமயத்தில் ஒரு விவசாயப் பயிற்சி மையம், ஊர் ஊராகப் போய் இந்த முறையைச் சொல்லிக்கொடுக்க ஒரு குழுவைத் தேடிக்கொண்டிருந்தது. தேர்வானால் வருடம் முழுக்க வேலை. வயலில் நடுவதை ஐந்து நிமிட வீடியோவாகத் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். வரிசை நேராக இருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்களாம். என் தோழியின் வயல்தான் அந்தக் குழுவுக்குத் தாளடியில், அதாவது இரண்டாம் போக நடவில், கடைசி வயல். அதை விட்டால் அடுத்த நடவு அடுத்த வருடம்தான். எட்டுப் பேருடைய பிழைப்பும் என் கேமராவை நம்பி இருந்தது, நான் என் ட்ரைபாடை நம்பி இருந்தேன்.

காலை ஏழு மணிக்கே அவர்கள் சேற்றில் இறங்கிவிட்டார்கள். குனிந்து நடுகிறவர்கள், தலையில் வேறு துண்டு. முகம் இருட்டாக விழும் என்று கணக்குப் போட்டு நான் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். குழுவில் ஒரு வாயாடி இருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "சூரியனுக்கே டார்ச் அடிக்கிறீங்களே டீச்சர்" என்றாள். அவள் சொன்னது சரிதான். வயலில் நின்ற தண்ணீரே வெயிலை வாங்கி அவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எந்தக் கடையிலும் வாங்க முடியாத வெளிச்சம். விளக்குகளைப் பையில் போட்டுவிட்டேன்.

வரப்பு ஒடுக்கம். மூலையில் மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்தது. அங்கே ட்ரைபாடை விரித்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, கேமராவை ஓடவிட்டேன். அசையாத ஒரே ஃப்ரேம். எதிரே கயிறு, நடுவில் ஆறு பெண்கள், இரு ஓரத்திலும் கயிறு பிடிக்கிற இருவர். இனி என் வேலை முடிந்தது என்று பூவரச மரத்தடியில் உட்கார்ந்து தோழி கொண்டுவந்த காப்பியைக் குடித்தேன். பள்ளிக்கூடத்துக் கதை பேசினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

எழுந்து வந்து திரையைப் பார்த்தேன். வரிசைகள் எல்லாம் இடது பக்கமாகச் சரிந்துகொண்டு போயின. கேமராவை ஓடவிட்டபோது நேராகத்தான் இருந்தது, இப்போது கோணல். வயலில் முக்கால் பாகம் முடிந்துவிட்டது. கிழக்கே கடல் பக்கம் மேகம் வேறு திரண்டு நின்றது. வரப்பில் நின்றபடி கத்தினேன்.

"நிறுத்துங்க! வரிசையெல்லாம் கோணலா போகுது. கடைசியா நட்ட அஞ்சாறு வரிசையைப் புடுங்கிட்டு மறுபடி நட்டுடலாமா?"

குனிந்திருந்த ஆறு முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். தோழி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"நட்டதைப் புடுங்கச் சொல்றீங்களா?" என்று தங்கை கேட்டாள். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வேர் பிடிக்கப் போகிற நாற்றைப் பிடுங்கு என்று நடுகிறவளிடம் சொல்வது, உலையில் போட்ட அரிசியைப் பொறுக்கி எடு என்று சொல்கிற மாதிரி. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. "படத்துலயே தெரியுது, வந்து பாருங்க" என்று மேலும் அடம்பிடித்தேன்.

அந்த வாயாடிதான் வந்தாள். வாய்க்காலில் கையை அலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். வயலைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"ஏன் டீச்சர், தண்ணி சாஞ்சு நிக்குமா?"

அப்போதுதான் பார்த்தேன். படத்தில் நாற்று வரிசை மட்டும் சாயவில்லை. கயிறு சாய்ந்திருந்தது, எதிர் வரப்பு சாய்ந்திருந்தது, தூரத்தில் நின்ற இரண்டு தென்னையும் சாய்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, வயல் தண்ணீரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குக் கிடைக்கோடு என்றால் என்ன என்று வரைந்து காட்டுகிறவள் நான்.

குனிந்து பார்த்தேன். ட்ரைபாடின் இடது கால் நன்றாக ஒரு சாண் மண்ணுக்குள் போயிருந்தது. நான் பார்த்துப் பார்த்து வைத்த இடத்துக்குக் கீழே ஒரு நண்டு வளை! கண்ணாடிக் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. விமர்சனம் செய்தவர்கள் புயலைப் பற்றிச் சொன்னார்கள், பனிமலையைப் பற்றிச் சொன்னார்கள். நண்டைப் பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கயிறு பிடித்தவர்களில் ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள். அவ்வளவுதான், வயலே சிரித்தது. தோழியும் சிரித்தாள், துரோகி. எனக்கு மட்டும் சேற்றுக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. அத்தனை பேர் முன்னால் அவர்கள் வேலையைக் கோணல் என்றுவிட்டேனே என்று நிஜமாகவே அழுகை வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் டீச்சர்" என்றாள் தங்கை. இப்போது அவள் முகத்தில் சிரிப்பு. "எங்க குழுவுல ஒரு வழக்கம் இருக்கு. கரையில நின்னுக்கிட்டு வரிசையில குத்தம் சொன்னா, எறங்கி ஒரு வரிசை நட்டுக் காட்டணும். நெலத்துக்காரவங்களா இருந்தாலும் விட மாட்டோம்."

முதலில் என் ட்ரைபாடுக்கு வைத்தியம் நடந்தது. அவர்கள் தங்கள் சாப்பாட்டுத் தூக்குகளிலிருந்து மூன்று மூடிகளைக் கழற்றி, ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தார்கள். அதன் பிறகு அது இம்மி அசையவில்லை. "மூடி பத்திரம் டீச்சர், எங்க மாமியாருக்கு என்னால பதில் சொல்ல முடியாது" என்றாள் வாயாடி.

பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை சேறு, மேலே வெந்நீர் மாதிரி, உள்ளே ஜில்லென்று. கயிறு கண் முன்னால் இருக்கிறது, சிவப்பு முடிச்சு இருக்கிறது, நாற்றை வைத்து அழுத்தினால் போதும். நான் வைத்ததில் பாதி அடுத்த நிமிடமே மிதந்து வந்து என்னையே பார்த்தன. மீதி ஒன்று கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம். இருபது நாற்றுக்குள் இடுப்பு கழன்றுவிட்டது. நான் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவர்கள் நாலு வரிசை முடித்திருப்பார்கள். மழை வருவதற்குள் மிச்ச வயலையும் நட்டு முடித்தார்கள். மூடிகளின் மேல் நின்ற கேமராவில் அது கச்சிதமாகப் பதிந்தது.

மறுநாள் ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்து வந்து எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். சினிமாவுக்கே வெட்டி ஒட்டுகிற பெரிய மென்பொருள் ஒன்றை ஆசையாக லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். அது திறப்பதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. திறந்ததும் உறைந்துவிட்டது. கடைசியில் கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு செயலிதான் கைகொடுத்தது. சாய்ந்த பகுதியை அதில் மெதுவாகத் திருப்பித் தண்ணீரை மட்டமாக்கினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

மாலையில் தோழியும் தங்கையும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். தங்கை ஒரு முறை பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். "கயிறு புடிக்கிறவங்க ரெண்டு பேரையும் காணுமே டீச்சர்?" என்றாள். படத்தைத் திருப்பினால் ஓரங்கள் வெட்டுப்படும். அதில் இருவருமே போய்விட்டார்கள். கயிறு தானாக நகர்ந்துகொண்டிருந்தது. "அவங்க இல்லாம வரிசை ஏது? எட்டுப் பேர் குழுன்னு சொல்லிட்டு ஆறு பேரை அனுப்புறதா?"

சரி, மூடி வைத்த பிறகு எடுத்ததை மட்டும் வைப்போம் என்றேன். ஆனால் அதில் நான் குறுக்கே நின்று நடாத பகுதி மூன்று நிமிடம்தான் தேறியது. அதற்குள் தோழி என் கைபேசியைத் துழாவி, நான் ஒளித்து வைத்திருந்த ஒரு வீடியோத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு நடந்த கூத்தில் கேமராவை நிறுத்த மறந்துவிட்டேன். நான் கத்தியது, முதுகுகள் நிமிர்ந்தது, வாயாடியின் முகம் பெரிதாக வந்து தாண்டிப் போனது, கேமராவுக்குப் பின்னாலிருந்து "தண்ணி சாஞ்சு நிக்குமா?" என்று அவள் குரல் கேட்டது, படம் குலுங்கி மட்டத்துக்கு வந்தது, நான் நாற்று மிதக்க மிதக்க நட்டது, எல்லாம் பதிந்திருந்தது. தங்கை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "இதை முதல்ல வைங்க டீச்சர். இதான் வீடியோ."

முடியவே முடியாது என்றேன். யாராவது அதை இணையத்தில் போட்டால் என் பிள்ளைகள் பார்ப்பார்கள், அப்புறம் எந்த முகத்தோடு கரும்பலகை முன்னால் நிற்பது? தங்கை வற்புறுத்தவில்லை. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர்கள் வேலையைக் கோணல் என்று பக்கத்து வயல் கேட்கக் கத்தினேன். அது பொய் என்பதை மட்டும் என் கைபேசிக்குள் பூட்டி வைக்கலாமா? அன்றிரவே அந்தத் துண்டை முதலில் வைத்து, பின்னால் நேரான வரிசைகளை வைத்து, எட்டுப் பேரும் தெரிகிற மாதிரி முடித்து அனுப்பிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, இடைவேளையில் தோழி ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். குழு தேர்வாகிவிட்டது! பயிற்சி மையத்தார் தங்கையிடம் சொன்னார்களாம்: நேராக நடுகிறவர்கள் நிறையப் பேர் அனுப்பியிருந்தார்கள், ஒன்றும் தெரியாத ஒருவருக்கு நோகாமல் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களை இந்த வீடியோவில்தான் பார்த்தோம் என்று. அந்த ஒன்றும் தெரியாத ஒருவர் நான்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அவமானப்பட்டதே இல்லை.

இப்போது அவர்கள் எங்கெங்கோ போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கே போனாலும் முதலில் என் வீடியோதானாம். நான் பயந்தபடியே என் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். கரும்பலகையில் நான் கோடு கொஞ்சம் சாய்த்துப் போட்டால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து "தண்ணி சாஞ்சு நிக்குமா மிஸ்?" என்று குரல் வரும். அந்தத் தை மாதம் அறுவடையின்போது தங்கை போன் செய்து, "உங்க கோணல் வரிசையும் வெளஞ்சுடுச்சு டீச்சர்" என்றாள். அதைக் கேட்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

என் கேமராப் பையில் இப்போது விளக்குகள் இல்லை. அதே மாதிரி மூன்று தூக்கு மூடிகள் இருக்கின்றன. வயலிலோ வகுப்பிலோ வீட்டிலோ, யாருடைய வேலையாவது எனக்குக் கோணலாகத் தெரிந்தால், வாயைத் திறப்பதற்கு முன் குனிந்து ஒருமுறை என் காலடியைப் பார்த்துக்கொள்கிறேன். பாதி நேரம் நண்டு வளை அங்கேதான் இருக்கிறது.