பெரிய வியாழனும் என் காலிப்பர் ஷூவும்

இராப்போஜனம் என்றாலே எனக்குச் சாரலில் நனைந்த செருப்பு நாற்றம்தான் ஞாபகம் வரும்...

தேனியில் எங்கள் சபைக் கோயிலுக்குள் அப்போது யாரும் செருப்போடு போக மாட்டார்கள். எல்லாம் வராந்தாவில் கிடக்கும். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. அது எனக்கு.

போலியோ வந்த இடது காலில் காலிப்பர். கம்பியும் ஷூவும் ஒன்றாகச் சேர்த்து அடித்தது. ஷூவைக் கழற்றினால், கையில் கம்பு இருந்தும் என்னால் நிற்க முடியாது. எம்.ஏ. முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகும் எனக்கு அதே நாற்காலிதான். இராப்போஜனத்தன்று உள்ளே எல்லோரும் வாங்கிய பிறகு, மிச்ச அப்பமும் கம்பத்துத் திராட்சை ரசமும் வராந்தாவுக்கு வரும்.

அப்படி ஏற்பாடு செய்தவர் சபை மூப்பர். கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. பாஸ்டரே அவருக்குப் பயப்படுவார். ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டேன். பைபிளில் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துவிட்டார். எரிகிற முட்செடி, பரிசுத்த பூமி...

"மோசேயே செருப்பக் கழட்டிட்டுத்தான் நின்னாரு. நீ அவரவிடப் பெரிய ஆளா தம்பி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து அதே புத்தகத்தைத் தொடர்ந்து படித்தேன். ஒன்பது அதிகாரம் தள்ளி, அதே கடவுள் அதே மோசேயிடம் பஸ்கா விருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்கிறார். காலில் செருப்போடு, கையில் கம்போடு.

எந்த நாளில் எந்தப் பகுதியை வாசிப்பது என்ற சபையின் பாட அட்டவணையைப் புரட்டினேன். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்கு அந்தப் பகுதிதான் போட்டிருந்தது. அன்றைய பாடம் வாசிப்பது அண்ணாச்சிக்குக் குத்தகை மாதிரி. வேறு யாரையும் விட மாட்டார்.

அதற்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் முழுக்க நான் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அந்த வியாழன் சாயங்காலம் அண்ணாச்சி கணீரென்று வாசித்தார். செருப்பும் கம்பும் வந்த இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என்ன வாசித்தோம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

எல்லோரும் பீடத்துக்குப் போக எழுந்தபோது வராந்தாவில் நானும் எழுந்தேன். நடுப்பாதையில் டக்... டக்... கோயிலே திரும்பியது. அண்ணாச்சி குறுக்கே வந்து என் காலைக் காட்டினார்.

"இப்பத்தான அண்ணாச்சி வாசிச்சீக? கால்ல செருப்பு, கையில கம்பு. எங்கிட்ட ரெண்டும் இருக்கு. நீங்கதான் வெறுங்காலோட நிக்கிறீக."

யாரும் சிரிக்கவில்லை.

"வழிய விடுங்க அண்ணாச்சி" என்றார் பாஸ்டர். அவர் அப்படிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். முழங்கால் போட முடியாது... நின்றபடியே வாங்கினேன். அந்த ரசம் அவ்வளவு இனிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பைபிளின் அந்த இரண்டு இடங்களும் முரண்படுகின்றன என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. நிற்க வேண்டியவனைக் கழற்றச் சொன்னார் கடவுள். நடக்க வேண்டியவர்களைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் நடக்க வேண்டியவன்.

இப்போது கோயிலுக்கு டைல்ஸ் போட்டாயிற்று. பையன்கள் ஸ்போர்ட்ஸ் ஷூவோடு கீபோர்டு வாசிக்கிறார்கள். ஒரு வசனத்துக்காகச் சண்டைக்கு வர ஆளில்லை... அது மட்டும் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

பெரிய வியாழன் பாடம் இப்போது நான்தான் வாசிக்கிறேன். அண்ணாச்சி முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த வரி வந்ததும் நிறுத்தி, அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாசிப்பேன்.

"காணிக்கை வைக்கிறதுக்கு முந்தி சகோதரன்ட்ட ஒப்புரவாகணும்னும் அதே பைபிள்லதான் இருக்கு" என்பாள் என் மனைவி.

"இருக்கு. பெரிய வியாழன் பாடத்துல இல்ல."