ஏணியின் முழங்கால்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறவருக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு: கல்லுமூஞ்சி. அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அது தொழில் கொடுத்த முகம். ஸ்கேன் முடிந்து எழுந்து உட்காருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். படத்தில் என்ன தெரிந்தது என்று அவர் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. இன்னார் வந்து போனார் என்றுகூட வெளியே மூச்சு விடக் கூடாது. வாயை மட்டும் மூடினால் போதாது. புருவம் ஒரு இழை ஏறினாலும் எதிரே இருப்பவர் உயில் எழுதக் கிளம்பிவிடுவார். அதனால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தார். பாவம், அந்த முகம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. "சமையல் நல்லாருக்கா இல்லையான்னு உங்க மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கணும்னா நான் ஜோசியம்தான் படிக்கணும்" என்பாள் மனைவி.

இந்த மனிதருக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்த கார்டுகளைச் சேர்ப்பது. அந்தக் கிறுக்கைத் தொற்றவைத்தவர் சலூன்காரர். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே வாடா போடா நண்பர்கள். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில்தான் சலூன்.

கார்டு வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரே அட்டை, ஒரே மை, ஒரே அச்சகம். பாக்கெட்டைப் பிரித்தால் யார் படம் வரும் என்று தெரியாது. ஆட இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிறவன் படம் வந்தால் சீந்த ஆளில்லை. அதே ஆள் அடுத்த வருஷம் நட்சத்திரம் ஆகிவிட்டால் அதே அட்டைக்கு ஆள் மேல் ஆள் அடித்துக்கொள்வார்கள். அதிலும் அவன் ஆட வந்த முதல் வருஷத்துக் கார்டு என்றால் கேட்கவே வேண்டாம். கார்டு கடைக்காரர் விலையை பென்சிலில்தான் எழுதுவார். ராத்திரி ஆட்டம் முடிந்தால் காலையில் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

உள்ளூர் அணியில் அப்போது எல்லாருக்கும் கண்கண்ட தெய்வம் ஏணி. அவன் உயரத்துக்கு வைத்த பெயர். அவன் துண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஸ்கேன்காரர் வாங்கிய பாக்கெட் ஒன்றில் அவன் முதல் வருஷக் கார்டு வந்திருந்தது. சலூன்காரரிடம் ஏணியின் மற்ற வருஷங்கள் அத்தனையும் இருந்தன, அந்த ஒன்றைத் தவிர. முழு வரிசையாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வெளியூரில் ஒரு கார் வியாபாரி காத்திருந்தான். அது நடந்தால், காலால் மிதித்தாலே ஏறி இறங்குகிற நாற்காலி ஒன்று வாங்கிவிடலாம் என்று சலூன்காரர் மனக்கோட்டை கட்டியிருந்தார். குனிந்து குனிந்து அவர் இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. சேமிப்பு முழுவதையும் வழித்துப் போட்டு ஸ்கேன்காரரின் கார்டை வாங்குவது என்று பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கைமாறுவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏணி பின்வாசல் வழியாக ஸ்கேனுக்கு வந்தான்.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான், கூட அணியின் டாக்டர். முந்தின நாள் ஆட்டத்தில் சும்மா சுளுக்கு என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஸ்கேன்காரர் வழக்கம்போல செயின், கடிகாரம் எல்லாம் கழற்றச் சொன்னார், காதை அடைக்கப் பஞ்சு கொடுத்தார், அசையக் கூடாது என்றார். படுத்தவனின் பாதங்கள் மேஜையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் இந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முழங்காலுக்குள் கறுப்பு நாடாபோல ஓட வேண்டிய தசைநார் நடுவில் அறுந்து கிடந்தது. முன்பு ஒருமுறை அறுவை செய்து தைத்த இடம் அது. இனி இவன் ஆடுவது கஷ்டம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்த ஏணி அவர் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, ஃபைனல்ல ஆடிடலாம்ல?"

"டாக்டர் சொல்வாருங்க."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவரோ சுவரோரம் இருந்த, துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் அவர் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்தி வெளியே வந்ததும் ஏணி கார்டெல்லாம் வெறும் அட்டை. அதற்குள் தன் கார்டை விற்றால் நண்பனின் சேமிப்பைத் திருடினமாதிரி. விற்காதே, வாங்காதே என்று வாயைத் திறந்தால், தன்னை நம்பிப் படுத்த ஒருவனின் முழங்காலைத் தெருவில் போட்டு விற்றமாதிரி. தான் விற்காமல் இருந்தால் மட்டும் ஆயிற்றா? நண்பன் வேறு எங்காவது போய் வாங்கித் தொலைத்தால்?

சனிக்கிழமை காலை சவரத்துக்குப் போய் உட்கார்ந்தார். சலூன்காரர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தார். சோப்பை நுரைக்கவிட்டுக்கொண்டே, "நாளைக்குக் காசு ரெடிடா" என்றார்.

"நான் குடுக்கலடா."

பிரஷ் நின்றது. "என்னது? விலை பத்தலையா?"

"அதில்ல."

"பின்ன என்ன? பேசின பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"குடுக்கலன்னா விடேன்."

"நல்லா இருக்குடா உன் நியாயம்!" சலூன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு நாதியில்லன்னு நெனச்சியா? கார்டு கடைக்காரர்கிட்ட ஒண்ணு இருக்கு. கூடக் கேட்பாரு, கேட்கட்டும். சாயங்காலமே போய் வாங்கிடறேன். ஏணி ஃபைனல்ல ஆடுற ஆட்டத்துல உன் வயிறு எரியப்போகுது பாரு."

ஸ்கேன்காரர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். கல்லாகத்தான் இருந்தது. கத்தி கன்னத்திலிருந்து தாடைக்கு இறங்கியது, அங்கே ஒரு கணம் நின்றது, பிறகு மேலே போனது. அதற்கப்புறம் சலூன்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. சவரம் முடிந்ததும் துண்டை உதறிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கோபம் என்றுதான் ஸ்கேன்காரர் நினைத்தார். கடைக்காரரிடம் கார்டை வாங்கிவிட்டானா என்று போய்க் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. மனைவியிடம் கார்டை விற்கவில்லை என்றதும் அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அணி அறிவித்தது. ஏணிக்கு மறுபடி அறுவை, இனி ஆடுவது சந்தேகம். கார்டு கடை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. நேற்றுவரை கண்ணில் ஒற்றிக்கொண்ட கார்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட எல்லாருக்கும் அவசரம். அந்தப் பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்க ஒரு நாதியில்லை. ஸ்கேன்காரர் டூட்டி முடிந்த கையோடு சலூனுக்கு ஓடினார். உள்ளே வேறு யாரும் இல்லை.

"வாங்கினியாடா?"

"இல்ல."

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஏண்டா வாங்கல?"

"ஊரே உன்னைக் கல்லுமூஞ்சின்னு சொல்லலாம். மீசை முளைச்சதிலிருந்து இந்த மூஞ்சிய நான்தானே சிரைக்கிறேன்? அன்னைக்கு ஏணி பேரைச் சொன்னதும் உன் தாடை கத்திக்கடியில இறுகிப்போச்சு. வெட்டிடுவேனோன்னு பயந்துட்டேன்."

ஸ்கேன்காரருக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. "அப்ப உன்கிட்ட இருந்த மத்தது? அதை வித்துட்டல்ல?"

சலூன்காரர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஏணியின் மற்ற வருஷங்கள் அத்தனையும் உறைக்குள் வரிசையாக இருந்தன.

"ஏண்டா? சனி, ஞாயிறு, திங்கள் முழுக்க நேரம் இருந்ததேடா!"

"இருந்துச்சு. கையில எடுத்துக்கிட்டு கடை வாசல் வரைக்கும் போனேன்." சலூன்காரர் குரலில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, இல்லாமல் எப்படி இருக்கும். "உனக்கு சவரம் பண்ணின கையோட நான் எல்லாத்தையும் வித்தா, இன்னைக்கு என்ன பேசுவாங்க? நீ எங்க வேலை பாக்குறேன்னு தெரியாதவன் இந்தத் தெருவுல யாரு? ஒரே நாள்ல உன் வேலை போயிருக்கும். நாற்காலி எங்கடா ஓடிப்போகுது."

ஸ்கேன்காரருக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னாலே, அன்றைக்குத் தனக்குத் தெரிந்திருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அதையும் அவர் சொல்லவில்லை.

"தெரியும்டா" என்றார் சலூன்காரர். "எதுவும் சொல்லாத."