கட்டின் மேல் ஊற்றிய தண்ணீர்

என் வலது கை கோணலானதற்குக் காரணம் என் மனைவி அல்ல. கம்பெனி டாக்டரே, நீங்கள்தான்.

நீங்கள் ஊரெல்லாம் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மற்றபடி இது, கை கால் முறிந்து கட்டோடு கிடப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதுவது. எனக்கு நாலாம் வகுப்புப் படிப்பு. நயமாக எழுத வராது.

நான் துறைமுகத்தில் கல் வார்க்கும் களத்தில் கொத்தனார். அலையைத் தடுக்கும் சுவருக்காக மாட்டுவண்டி அளவு கான்கிரீட் கற்களை அங்கே வார்க்கிறோம். அச்சுப் பெட்டியில் கலவையைக் கொட்டி, இடித்து, மேல்முகத்தைக் கரண்டியால் தேய்த்துவிடுவது என் வேலை. ஒரு நாள் காலை அச்சின் பக்கத்து இரும்புத் தகட்டைக் கழற்றும்போது சங்கிலி நழுவியது. தகடு என் முன்கை மேல் சாய்ந்தது. வலி உடனே வரவில்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இன்னொரு மூட்டு முளைத்ததுபோல் கை மடிந்து நின்றதைத்தான் முதலில் பார்த்தேன்.

கம்பெனி வைத்தியசாலையில் டாக்டர் கையை இழுத்துப் பிடித்தார். டிரெஸ்ஸர் (புண்ணுக்குக் கட்டுப்போடும் ஆள்) பிளாஸ்டர் (வெள்ளை மாவைக் குழைத்துத் துணியோடு சுற்றும் கட்டு) போட்டார். இரண்டு எலும்பிலும் ஃபிராக்சர் (முறிவு) என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னிடம் பேசியது கொஞ்சம்தான்.

"செட் ஆகணும். ஆட்டாதே. போ."

வெளியே என் மனைவி கன்னியம்மா நின்றிருந்தாள். அவளிடம் அதுகூடச் சொல்லவில்லை.

புதிதாக வார்த்த கல்லை அப்படியே வெயிலில் விட்டால் வெடித்துப்போகும். மேலே சாக்கைப் போர்த்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கல் கடலில் நிற்கும். கல் இப்படி இறுகுவதைத்தான் களத்தில் 'செட்' ஆவது என்போம். எங்கள் களத்துக் குடும்பங்களில் இது எல்லோருக்கும் தெரியும். கன்னியம்மாவும் கல்யாணத்துக்கு முன்பு அந்தக் களத்தில் தண்ணீர் சுமந்தவள்தான்.

என்னோடு வேலை செய்யும் கோவிந்தன் என்னைப் பார்க்க வந்தான். கைக்கட்டின் மேல் விரலால் தட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, மேலே மயிரிழையா வெடிப்பு வுட்டுகீது பாரு. தண்ணி காட்டலியா?"

"டாக்டரு ஒண்ணும் சொல்லலடா."

"அவரு இன்னாத்த சொல்றது? கல்லுன்னா ரெண்டு வேள ஊத்துவே, உன் கைன்னா காய வுடுவியா? நல்லா கீது உன் ஞாயம்!"

"நானும் அதான் சொல்லிகினு கீறேன்ணா, கேக்குதா இந்த மனுசன்?" என்றாள் கன்னியம்மா.

அன்றே சாக்கைத் துவைத்துக் கட்டின் மேல் சுற்றினாள். கருவாடு விற்கப் போகக் கூடையைத் தலையில் ஏற்றுவதற்கு முன் ஒரு முறை, விற்று வந்து இறக்கியதும் ஒரு முறை, செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். அவள் கைக்கு அது பழகிய வேலை. எனக்கும் அது குளுமையாக இருந்தது. 'செட்' என்ற சொல்லையே டாக்டர் சொல்லாமல் இருந்திருந்தாலும் நாங்கள் இதைத்தான் செய்திருப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலும்பு கூடுவதற்கு நாம் செய்ய ஒன்றுமில்லை. காத்திருப்பதுதான் வேலை. உழைத்தே பழகிய வீட்டில் அந்தச் சும்மா இருப்பு பெரிய தண்டனை. அந்தச் செம்புத் தண்ணீர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தது. நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கட்டு அடியில் கூழானது. பிறகு நாறியது. கை உள்ளே கொதித்தது. மறுபடி கம்பெனி வைத்தியசாலைக்குப் போனோம். கட்டை வெட்ட வேண்டிய தேவையே இல்லை, டிரெஸ்ஸர் கையாலேயே பிய்த்து எடுத்தார். தோல் வெந்து வெளுத்திருந்தது. எலும்பு நழுவி, கை வில்லாக வளைந்திருந்தது.

"தண்ணி ஊத்தின முட்டாள் யாரு?" என்றார் டாக்டர்.

"நான்தாங்க" என்றாள் கன்னியம்மா.

"உன் புருஷன் கையை நீயே கெடுத்தே. போ, சந்தோஷமா இரு."

வாசலில் எங்கள் களத்து ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் அவர் குரலை உயர்த்தினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே எக்ஸ்ரே (தோலுக்குள் இருக்கும் எலும்பைக் காட்டும் படம்) எடுத்தார்கள். கோணலாகக் கூடத் தொடங்கிய எலும்பை மயக்கம் கொடுத்து மறுபடி பிரித்துப் பொருத்தி, புதுக் கட்டுப் போட்டார்கள். அங்கிருந்த சின்ன டாக்டருக்குக் கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"இது சிமெண்ட் இல்லேம்மா. இந்த மாவு தானா இறுகிக்கும். அப்புறம் தண்ணி பட்டா கரைஞ்சிடும். குளிக்கும்போதுகூட நனையக் கூடாது. விரல் வீங்கினா, மரத்துப்போனா உடனே கூட்டிட்டு வா."

இதைச் சொல்ல அவருக்கு ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. கன்னியம்மா தலையை ஆட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் தொடை எலும்பு முறிந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கிடந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 'செட்' என்றால் உண்மையில் என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"எந்த செட்டைக் கேக்கிறே?" என்றார். "எலும்பைப் பொருத்தினா செட். கலவை இறுகினா செட். சூரியன் மறைஞ்சா செட். கடிகார முள்ளைத் திருப்பி வெச்சா செட். ரம்பத்துப் பல்லை வளைச்சா செட். ஒருத்தன் மேல நாயை ஏவினாலும் செட். அகராதியில பக்கம் பக்கமா ஓடும்."

"ஒரே ஆளை இத்தினி வேலைக்கு வுட்டா, அவன் எதத்தான் உருப்படியா செய்வான் வாத்தியாரே?"

"சிரிக்க வைக்காதேய்யா, கால்ல எடை தொங்குது" என்று பல்லைக் கடித்தார்.

கட்டிலில் கிடந்து இதையே யோசித்தேன். எங்கள் களத்து வெள்ளைக்கார மேஸ்திரிக்கும் இந்த ஒரு சொல்தான். கல் இறுகினாலும் செட், அதைக் கிரேனில் தூக்கிக் கடலில் வரிசையாக இறக்கினாலும் செட். ஆனால் அவன் எந்த வேலையைச் சொல்கிறான் என்று நாங்கள் ஒரு நாளும் தடுமாறியதில்லை. கல்லைக் காட்டுவான், கிரேனைக் காட்டுவான், தானே வந்து பக்கத்தில் நிற்பான். நம்முடைய 'கட்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டையும் கட்டுகிறோம், தாலியையும் கட்டுகிறோம், மாட்டையும் கட்டுகிறோம், புண்ணையும் கட்டுகிறோம். அதனால் யார் கையும் கோணவில்லை. ஆகவே சொல்லின் மேல் பழி போட மாட்டேன். சொன்னவர் பக்கத்தில் நின்று விளக்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். குற்றம் அங்கேதான்.

இதைப் படிக்கும் நோயாளிகளே, கட்டுப் போட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். என்ன செய்யக் கூடாது என்று கேளுங்கள். டாக்டர் முகத்தைச் சுளித்தாலும் கேளுங்கள். உங்கள் வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்கிறவரை உள்ளே அழைத்து, அவர் காதில் விழும்படி சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டாவது கட்டு காய்ந்த கட்டாகவே இருந்து கழன்றது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் நேராகக் கூடவில்லை. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புவதில்லை, பாதி வழியில் நின்றுவிடுகிறது. கரண்டியைத் திருப்பித் தேய்க்க முடியாது. தண்ணீர் குடிக்கக் கையைக் குவித்தால் ஒரு பக்கமாக வழிந்துவிடுகிறது. களத்தில் இப்போது அச்சுப் பெட்டிகளுக்கு எண்ணெய் பூசும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நான் தேய்த்த இடத்தில் வேறொருவன் நின்று தேய்க்கிறான். சுமாராகத்தான் தேய்க்கிறான்.

முன்பெல்லாம் காலையில் கண் விழித்தால் உடம்பு முழுவதும் ஒன்றாக எழுந்துவிடும். இப்போது நான் எழுந்து, முகம் கழுவி, கஞ்சி குடித்த பிறகுதான் இந்தக் கை எழுகிறது. மழைக்கு முதல் நாளே கடல் பக்கத்திலிருந்து ஈரம் அதற்குள் வந்துவிடுகிறது. அவசரப்படுத்தினால் வலிக்கிறது. எனவே நான் அதற்காகக் காத்திருக்கிறேன். இத்தனை வருடம் என் இஷ்டத்துக்கு வேலை வாங்கிய கை, இப்போது என்னைத் தன் நேரத்துக்கு நடத்துகிறது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. பழகிவிடும்.

பழகாதது வேறொன்று. கல்மண்டபம் பக்கத்துத் தெருக்குழாயில் கன்னியம்மா குடத்தோடு நின்றால், "உன் வூட்டுக்காரன் கைக்கும் ரெண்டு குடம் சேத்து புடிச்சிக்கோடி" என்று சிரிக்கிறார்கள். டாக்டரே சொன்னாராம், டாக்டர் பொய் சொல்வாரா என்கிறார்கள். அவள் அந்தக் குழாய்க்குப் போவதை விட்டுவிட்டாள். தூரத்துக் கிணற்றிலிருந்து சுமக்கிறாள். என் கையைத் தொட்டு எண்ணெய் தேய்க்கக்கூடப் பயப்படுகிறாள். "நான் தொட்டா இன்னும் கெட்டுப்பூடும்யா" என்கிறாள்.

டாக்டரே, என் கையை நேராக்கச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. அது இனி ஆகாது. களத்தில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், எல்லோரும் கேட்க அவளை முட்டாள் என்றீர்களே, அதே ஆட்கள் முன்னால் வந்து நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அல்லது இதை அச்சிட்ட பத்திரிகையிலேயே உங்கள் பெயர் போட்டு எழுதுங்கள். கட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது என்று கன்னியம்மாவிடம் நீங்கள் சொன்னீர்களா, இல்லையா?